கீழ் லயத்துக்கும் சொன்ன கேதம்

மாலை ஆறரை மணி இருக்கும். மடுல்சீமைப் பக்கம், தேயிலைக்கு நடுவே ஏறும் பாதை. ஒரே பனிமூட்டம்... றிஸாத், அந்தப் போனை அணை. பயமாக இருந்தால் வாஹித்தின் கையைப் பிடித்துக்கொள். கரண்ட் வரும்போது வரட்டும், நீ கதையைக் கேள்.

இது நம் லிங்கத்தின் மச்சான் ஜெயகுமாருக்கு நடந்தது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் செய்தி சொல்கிறவன். தண்ணீர் வராத நாள், கோயில் திருவிழா, காணாமல் போன பசு... யாராவது செத்தால் கேதம். பேப்பர் அங்கே ஏறி வருவதற்குள் செய்தி பழசாகிவிடும். அவன் சொன்னால்தான் செத்தவர் செத்தவர்.

போன மழைக்கு அந்தத் தோட்டத்தில் கீழ் லயத்தின் மேல் மலை சரிந்தது. அவன் குடியிருந்த லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசை வீடுகள். அவன் ஆட்டோவோடு வெளியே இருந்தான். மகள் மதுஷா பதுளையில் லிங்கத்தின் வீட்டில் இருந்ததால் தப்பினாள். லயத்து ஆட்களோடு மனைவி விஜயலெட்சுமியும் மண்ணுக்குள். தோண்டினார்கள், தோண்டினார்கள்... பிறகு நிறுத்திவிட்டார்கள். ஊருக்கெல்லாம் கேதம் சொன்னவன் அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. உடலைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது?

அன்றோடு மதுஷா பேச்சை நிறுத்திவிட்டாள். எட்டு வயதுப் பிள்ளை. ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாளா என்பதுதான் அவனுக்கு மிஞ்சியிருந்த ஒரே வேண்டுதல். பாவி மனிதன்.

நான் சொல்லும் மாலையில், மேல் லயத்து மாடசாமியின் மனைவி இராக்கம்மாவுக்குக் கேதம். ஒவ்வொரு லயத்தையும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒன்றை விட்டால் சாகும்வரை கோபம். வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய வாய் அல்லவா?

"மேல் லயம், ரோட்டு லயம், கீழ் லயம்... சொந்தபந்தம் அம்புட்டுப் பேரும் வந்து கலந்துக்கங்க!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கீழே, மண்மேட்டிலிருந்து ஓர் இருமல்... ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. யாரோ அதட்டினார்கள். அப்புறம் ஈரச் செருப்புகள். சப்... சப்... சப்... ஆட்டோவின் இரண்டு பக்கமும் ஏறிப் போயின. ஆள் ஒருவரும் இல்லை. பச்சை மண் வாசனை. அதற்குள்ளே, விஜயலெட்சுமி கால் வலிக்குத் தேய்க்கும் மருந்தெண்ணெய்.

நீயும் நானும் என்றால் ஓடியிருப்போம். அவன் இறங்கிக் கத்தினான்.

"விஜயா, நில்லு! மதுஷா பேச மாட்டேங்குறா... ஒன்னயத்தான் தேடுறா!"

ஒரு சோடிச் செருப்பு நின்றது. கொஞ்ச நேரம்... பிறகு அதுவும் மேலே போய்விட்டது.

கேத வீட்டு வாசலில் மாடசாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மழையே இல்லையே தம்பி. இம்புட்டு சேத்தோட யாரு வந்தா?" என்று கேட்டார்.

மறுநாள் அடக்கம் முடிந்தது. பொழுது சாய, லயம் போன பிறகு அவன் மகளோடு தங்கியிருந்த தகரக் கொட்டகையில் மதுஷா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கேதத்துக்கு வந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல்தான் திரும்ப வேண்டும், தெரியுமல்லவா? சொல்லிவிட்டுப் போனால் மறுபடி வரவேண்டியதாகிவிடும். கதவுக்கு வெளியே விஜயலெட்சுமியின் குரல் தெளிவாகவே சொன்னது.

"போயிட்டு வாறேன்."

மதுஷா எழுந்து உட்கார்ந்தாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு வாய் திறந்தாள்.

"சரிம்மா. அடுத்த தடவ என்னயும் கூட்டிட்டுப் போங்க."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. ஜெயகுமார் ஒலிபெருக்கியைக் கழற்றி எறிந்துவிட்டான். இப்போது இரவானால் பிள்ளையின் கையைத் தன் கையோடு துணியால் கட்டிக்கொண்டு படுக்கிறான். விடிந்து பார்த்தால் முடிச்சு அவிழ்ந்திருப்பதில்லை. ஆனால்... அது அவன் போட்ட முடிச்சு இல்லையாம்.