இடுக்கியின் முனை

யாகுமிஸ்: ஞாபகமில்லை... ஞாபகமில்லை... கோர்ட்டுல நின்னு உன் வாயிலேர்ந்து வந்தது அந்த ஒரே வார்த்தைதானா?

அர்கிரோ: ரொட்டிய சாப்பிடு. காலைலேர்ந்து வெறும் வயிறா இருக்க.

யாகுமிஸ்: எனக்கு ரொட்டி வேணாம்.

அர்கிரோ: ஆலிவாவது...

யாகுமிஸ்: அர்கிரோ! கப்பல்ல இருக்கறவங்க எல்லாரும் பாக்கட்டும், எனக்கென்ன? பெத்த புள்ளையோட எலும்ப உன் கையால கழுவினவ நீ. "எலும்போட இந்த இரும்புத் துண்டு கிடந்துச்சாம்மா?"ன்னு நீதிபதி கேக்கறா. ஆமான்னு சொல்ல என்ன கேடு?

அர்கிரோ: வேதப் புத்தகத்து மேல கை வச்சிருந்தேன்.

யாகுமிஸ்: அடேங்கப்பா! கோயிலுக்குப் போறதே ஈஸ்டருக்கு ஒருதரம். அதுவும் வேட்டு வெடிக்கறதப் பாக்க.

அர்கிரோ: நீ அதுக்கும் வரமாட்ட.

யாகுமிஸ்: எலும்பெடுக்கறப்ப கூட நின்ன பாதிரியார் சொன்னதையாவது கேட்டியா? "நான் ஜெபம் பண்ணிட்டு இருந்தேன், எதையும் பாக்கல"ன்னாரு. அந்தத் தாடி வழியா ஒரு உண்மை வெளிய வர்றதுக்குள்ள உலகம் அழிஞ்சிடும்.

அர்கிரோ: அவரத் திட்டாத. அவர் பாக்கல.

யாகுமிஸ்: நீயும் பாக்கல, அவரும் பாக்கல. நான் மட்டும் பாத்தேன். ஆபரேஷன் பண்ணின டாக்டரோட வக்கீலுக்கு வேற என்ன வேணும்? தாம்பாளத்துல வச்சுல்ல குடுத்துட்டீங்க.

அர்கிரோ: தீர்ப்புல அது மட்டுமா இருந்துச்சு? அரசாங்க டாக்டர் இல்லாம, போலீஸ் இல்லாம குழியத் தோண்டினது செல்லாதுன்னு முதல்லயே சொல்லிட்டாங்களே.

யாகுமிஸ்: தோண்டாம? தோண்டச் சொல்லி உத்தரவு கேட்டு எத்தன தடவ அலைஞ்சோம்? ஒரு தடவ நீதிபதிக்கு மாற்றல். ஒரு தடவ வக்கீலுங்க வேலைநிறுத்தம். ஒரு தடவ புயல், கப்பலே ஓடல. அதுக்குள்ள புதைச்சு மூணு வருஷம் ஆயிடுச்சு. மூணு வருஷமானா எலும்ப எடுத்துக் கழுவி பெட்டில வச்சு, குழிய அடுத்தவங்களுக்கு விட்டே ஆகணும்னு நம்ம ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும். கோர்ட்டு நடத்தற அந்தப் பெரிய தீவுக்காரங்களுக்குத் தெரியாதா?

அர்கிரோ: கிழவர் பொலிதோரோஸ் வேற செத்துட்டாரு...

யாகுமிஸ்: ஆமா! அவரப் புதைக்க இடமில்ல. அவரு மக வந்து நம்ம வாசல்ல நின்னு அழறா. "உங்க பையன எடுங்க, எங்கப்பன வைக்கணும்." நான் என்ன பண்ணுவேன்? கோர்ட்டு தேதி குடுக்கற வரைக்கும் கிழவர ஐஸ்ல போடுன்னா சொல்லுவேன், மீனு மாதிரி?

அர்கிரோ: ம்ம்...

யாகுமிஸ்: சிரிக்கறியா?

அர்கிரோ: இல்ல. நம்ம பையன் ஸ்டாமாடிஸ் இருந்திருந்தா சிரிச்சிருப்பான். வயித்து வலின்னு நடந்து போனான். குடல்வால் ஆபரேஷன், ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவோம்னாங்க. வந்தான். ஜுரம்னான். திரும்பப் போனான்...

யாகுமிஸ்: புதைச்சு ஒரு வருஷம் கழிச்சு நர்ஸ் தெஸ்பினா வந்து சொல்றா, அன்னிக்கு ஆபரேஷன் முடிஞ்சப்ப இடுக்கி ஒண்ணு முனை உடைஞ்சு திரும்பி வந்துச்சுன்னு. அப்புறம் அவளும் கோர்ட்டுல வாயத் திறக்கல. எல்லாருக்கும் வேலை முக்கியம். சரி, விடு. மேல்முறையீடு போடுவோம்.

அர்கிரோ: வேணாம்.

யாகுமிஸ்: வக்கீலம்மா சொல்றா, வழியிருக்குன்னு.

அர்கிரோ: அவ உன் மூஞ்சியப் பாத்து பாவப்பட்டு சொல்றா. மேல கோர்ட்டுக்குப் போனா அந்தத் துண்ட மறுபடி பரிசோதிப்பாங்க. நிபுணர் எழுதினதப் படிச்சாங்களே, நீ கேக்கலையா? "இது மனுஷங்களுக்கு ஆபரேஷன் பண்ற இடுக்கியோட முனை இல்ல."

யாகுமிஸ்: டாக்டருக்கு டாக்டர் பரிஞ்சு பேசாம உனக்கா பேசுவான்? பொய் எழுதியிருக்கான்!

அர்கிரோ: யாகுமிஸ்.

யாகுமிஸ்: என்ன?

அர்கிரோ: அது ஸ்டெலியோஸோடது தானே? ஆட்டு டாக்டர்.

யாகுமிஸ்: யாரு சொன்னா உனக்கு?

அர்கிரோ: எலும்பு ஒவ்வொண்ணையும் ஒயின்ல கழுவி, துணியில ஒத்தி, பெட்டில அடுக்கினது நான். நீ சைப்ரஸ் மரத்துக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்ன. கழுவி முடிக்கற வரைக்கும் ஒரு தடவ கூடப் பாக்கல. நான் பெட்டிய மூடறப்ப அதுல எந்த இரும்பும் இல்ல. மறுநாள் நீ திறந்து காட்டினப்ப இருந்துச்சு.

யாகுமிஸ்: அப்ப... உனக்கு முன்னாடியே தெரியுமா?

அர்கிரோ: தெரியும்.

யாகுமிஸ்: தெரிஞ்சா அன்னிக்கே என் சட்டையப் பிடிச்சிருக்கணும் நீ!

அர்கிரோ: பிடிக்க வந்தேன். அதுக்குள்ள வக்கீலம்மா கையில குடுத்துட்ட. பொய்ச் சாட்சின்னு உன்னப் பிடிச்சு உள்ள வச்சுட்டா? அதான் கோர்ட்டுல ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல.

யாகுமிஸ்: கேளு... நான் ஒண்ணும் ஆசைப்பட்டுச் செய்யல. உன் முகத்தப் பாத்தேன். கழுவி முடிச்சுட்டு ஒண்ணுமே இல்லங்கற மாதிரி தலையாட்டின. எனக்கு உள்ள ஏதோ அறுந்து போச்சு. அது அவன் வயித்துல இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும், அர்கிரோ. என் பேர் தெரியற மாதிரி தெரியும். அரிச்சிருக்கும், மண்ணோட போயிருக்கும்னு நெனச்சேன். இருந்தத திருப்பி வச்சேன், அவ்வளவுதான். நிஜத் துண்டு கிடைச்சிருந்தா நான் ஏன் ஆட்டு டாக்டர் வீட்டுப் படியேறப் போறேன்?

அர்கிரோ: கைய நீட்டு.

யாகுமிஸ்: எதுக்கு?

அர்கிரோ: நீட்டு... காத்தடிக்குது, கெட்டியாப் பிடிச்சுக்க. கைக்குட்டைய மெதுவாப் பிரி.

யாகுமிஸ்: என்ன இது... அர்கிரோ... இது...

அர்கிரோ: இடுப்பெலும்போட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கழுவறப்ப விரல்ல குத்துச்சு. நகத்தளவு. துரு கூட ஏறல.

யாகுமிஸ்: கப்பல் நின்னதும் திரும்பிப் போறோம். வக்கீலம்மாகிட்ட...

அர்கிரோ: போய் என்ன சொல்லுவ? முதல்ல குடுத்தது ஆட்டோடது, இது மகனோடதுன்னா? யாரு நம்புவா? நானே நீதிபதியா இருந்தா நம்ப மாட்டேன்.

யாகுமிஸ்: அய்யோ... அன்னிக்கே ஒரு குரல் குடுத்திருந்தா அப்படியே நிறுத்திட்டு போலீஸக் கூப்பிட்டிருப்பேனே! கிழவரு ஒரு வாரம் காத்திருந்திருப்பாரு! அவன் எலும்பே சாட்சி சொல்லியிருக்கும்! கையில வச்சுக்கிட்டு ஏண்டி தலையாட்டின? ஏன்?

அர்கிரோ: அப்பவே ரெண்டு வருஷமா நீ என்னோட உக்காந்து ஒரு வாய் சாப்பிடல, யாகுமிஸ். கோர்ட்டு, வக்கீலு, கோர்ட்டு. ஒண்ணும் கிடைக்கலேன்னா... நீயாவது வீட்டுக்கு வந்துடுவேன்னு நெனச்சேன்.