சம்ப் கழுவும் நாள்

நாற்காலியைக் கொஞ்சம் ஃபேனுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொள்ளட்டுமா மேடம்? காற்று இவ்வளவு தாராளமாக வருகிற இடத்தில் உட்கார்ந்து ரொம்ப நாளாகிறது. டீயும் கொடுத்துவிட்டீர்கள். போலீஸ் ஸ்டேஷன் என்றால் என்னென்னவோ சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். எனக்கென்னவோ சம்பந்தி வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறது.

என் வீட்டுக்காரர் தண்ணீர் சம்ப்புக்குள் இறங்கிச் செத்துப்போனதை எல்லோரும் விபத்து என்கிறார்கள். மாலை போட்டார்கள், அழுதார்கள், எனக்கு ஆறுதலும் சொன்னார்கள். நீங்கள் ஒருத்தர்தான் ஒரு கேள்வி கேட்டீர்கள். அவரைத் தூக்க இறங்கப்போன பக்கத்து வீட்டு ஜெகனை நான் ஏன் கையைப் பிடித்து இழுத்தேன் என்று. நல்ல கேள்வி. சொல்கிறேன், ஆனால் எங்கள் வீட்டைப் பற்றித் தெரியாமல் அது புரியாது.

அவர் பேர் கலியமூர்த்தி. ஆவடியில் ஃபேக்டரி வேலை. குவார்ட்டர்ஸில்தான் குடித்தனம், மகள் மைதிலி பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். ரிட்டயர் ஆனதும் சிலருக்கு பக்தி வரும், சிலருக்கு சர்க்கரை வரும். இவருக்கு இயற்கை வந்தது. முத்தாபுதுப்பேட்டை தாண்டி ஒரு துண்டு நிலம் வாங்கி, கரண்டு கனெக்‌ஷனே இல்லாமல் ஒரு வீடு கட்டினார். மாடியில் சோலார் பலகை, கொல்லையில் மாடு, மொட்டை மாடி மழைத்தண்ணீர் வந்து சேர தரைக்கடியில் ஒரு பெரிய சம்ப். அப்புறம் யூடியூபில் ஒரு சேனல். ‘நானும் என் மண்ணும்’ என்று பேர். பேரிலேயே எல்லாம் இருக்கிறது. நான் என்றால் அவர். மண் என்றால் மண். மற்றபடி அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

வாசலிலேயே கரண்டுக் கம்பம் நிற்கிறது மேடம். கேட்டைத் திறந்தால் இடிக்கும். வீடியோவில் அது விழுந்துவிடக் கூடாதென்று ஒரு முருங்கைக் கிளையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பது என் வேலை. சில நாள் ஃபோனை என் கையில் கொடுத்து என்னையே எடுக்கச் சொல்வார். “நாகு, கம்பம் தெரியாம எடு. கை ஆடாம புடி. நடுவுல பேசாத.” என்னிடம் அவர் அதிகமாகப் பேசிய வசனம் இதுதான். என் கைக்கு எப்போதும் ஒரு நடுக்கம் உண்டு. ஒவ்வொரு வீடியோ முடிந்ததும் அதற்கு ஒரு திட்டும் உண்டு.

சித்திரை வைகாசியில் சோலார் பலகையில் தூசி படிந்தால் கரண்டு ஏறாது. ஏணி வைத்து ஏறித் துடைக்க வேண்டும். பலகை சுடும், முட்டியும் வலிக்கும். அவர் கீழே நிழலில் நின்று சூரியன் நமக்கு இலவசமாகத் தருகிறான் என்று பேசுவார். ஆடிக் காற்றில் பலகை பறக்காமல் கயிறு கட்டுவது நான். ஐப்பசியில் விறகு நனைந்து, அடுப்படி முழுக்கப் புகையாகி, கண்ணைத் துடைத்துக்கொண்டே பால் காய்ச்சுவதும் நான்தான். அந்த மாதத்தில் பாம்பும் வரும். பாம்பும் நம் உறவினர்தான் என்று ஒரு வீடியோ போட்டார். உறவினரைத் தொழுவத்திலிருந்து கோலால் தள்ளியது யார் என்பது அதில் இல்லை. மார்கழிப் பனியில் பேட்டரி செத்துப்போனால், இருட்டு கண்ணுக்கு நல்லது என்பார். பேசி முடித்ததும் ஃபோனைக் கொடுத்து ஜெகன் வீட்டில் சார்ஜ் போட்டு வரச் சொல்வார்.

இதற்காகவெல்லாம் யாரும் யாரையும் கொல்வதில்லை. அப்படிப் பார்த்தால் ஆவடி பக்கம் பாதி வீட்டில் ஆம்பளை மிஞ்ச மாட்டான்.

போன கார்த்திகையில் மைதிலிக்குப் பிரசவம். குமணன்சாவடியில் இருக்கிறாள், இங்கிருந்து என்ன பெரிய தூரம். ஆனால் எங்கள் மாடும் நிறை சினையாக இருந்தது. மாட்டை யார் பார்ப்பது என்றார். தான் பார்ப்பதாகச் சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை. அதில் கெட்ட எண்ணமும் கிடையாது, நிஜமாகவே தோன்றாது. அவர் போய்ப் பேரனைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் நின்று சுகப்பிரசவம் பற்றி ஒரு வீடியோவும் எடுத்துக்கொண்டு வந்தார். நான் மாட்டுக்குப் பிரசவம் பார்த்தேன். கன்று நன்றாக இருக்கிறது, கேட்டதற்கு நன்றி.

சம்ப் விஷயத்துக்கு வருகிறேன். புரட்டாசிக் கடைசியில், மழைக்காலத்துக்கு முன்னால் அதைக் கழுவ வேண்டும். தண்ணீர் வற்றி, இலையும் சேறும் அடியில் மக்கிக் கிடக்கும். முதல் வருஷம் மூடியைத் திறந்த கையோடு ஏணியை வைத்து உள்ளே இறங்கினேன். பாதியிலேயே தலை சுற்றி, கண் இருட்டிவிட்டது. எப்படியோ மேலே வந்து விழுந்தேன். அவரிடம் சொன்னேன். காலையில் சாப்பிடாமல் இறங்கினால் அப்படித்தான் இருக்கும் என்றார்.

ஜெகனுடைய அம்மா பார்வதம்தான் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் இந்த ஊரிலேயே பயிர் செய்த குடும்பம், கிணறு தூர் வாரிப் பழக்கம். மூடிக் கிடந்த குழியில் கெட்ட காற்று நிற்கும், மூடியை முதல் நாளே திறந்து போட வேண்டும். மறுநாள் அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் இறக்கிப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்தால் நாமும் இறங்கலாம். அணைந்தால் இறங்கக் கூடாது. அன்றிலிருந்து வருஷா வருஷம் அப்படித்தான் செய்தேன். கழுவி முடித்து நான் மேலே வந்ததும், அவர் வேட்டியை மடித்துக் கட்டி, முகத்தில் கொஞ்சம் சேற்றைத் தடவிக்கொண்டு, சம்ப் கழுவுவது ஒரு தியானம் என்று பேசுவார்.

ஜெகன் பிறந்ததே கிணறு வற்றிய பிறகு. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு விளக்கெல்லாம் தெரியாது.

இந்த வருஷம் ஆனி மாதம் மைதிலி ஃபோன் செய்தாள். லீவு முடிகிறது, வேலைக்குப் போக வேண்டும், பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான். “நீ வந்து எங்ககூடவே இரும்மா. அவனை உன்கிட்ட விட்டாத்தான் நான் நிம்மதியா போவேன்.” என்னை ஒருத்தர் வா என்று கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று தெரியுமா மேடம். அன்றைக்கே இரண்டு புடவையை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் வைத்தேன்.

அவர் ஃபோனை வாங்கினார். குழந்தையை இங்கே கொண்டுவந்து விடு, மண்ணில் வளரட்டும் என்றார். மாப்பிள்ளை வெங்கட் அவர் சேனலுக்கு ரசிகர். ஒரு வாரத்தில் மைதிலியே, அப்பா சொல்வதும் சரிதானோ என்று இழுத்தாள். தீபாவளி கழிந்ததும் கொண்டுவந்து விடுவது என்று முடிவாயிற்று. அவர் அதை ஒரு வீடியோவில் அறிவித்தார். ‘கரண்டு பார்க்காமல் வளரப்போகும் என் பேரன்.’ புகையும் பாம்பும் சம்ப்பும் இருக்கிற வீட்டில், தவழ்கிற குழந்தையைத் துரத்திக்கொண்டு நான் ஏணி ஏற வேண்டும். அவர் அதை வீடியோ எடுக்க வேண்டும். அன்று ராத்திரி பையைப் பிரித்துப் புடவையைப் பழைய இடத்தில் வைத்தேன். எனக்கு ஆத்திரம் வந்தது மேடம். அழுகை வரவில்லை.

அதே வீடியோவுக்குக் கீழே யாரோ ஒரு பையன் கேட்டிருந்தான், ஐயா, சம்ப்பை நீங்களே கழுவுகிறீர்கள் என்கிறீர்களே, இறங்குவதைக் காட்டவே இல்லையே என்று. அவருக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. இந்த முறை இறங்குவதிலிருந்தே எடுக்கலாம் என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக ஒரு வேலையை அவராகவே கேட்டு வாங்கினார்.

அந்தக் காலையில் மழைக்காலத்தைப் பற்றி அழகாகப் பேசினார். மூடியைத் தள்ளினார். “எல்லாம் ரெடிதானே?” என்றார். “ரெடிதாங்க” என்றேன். நடுவில் பேசாதே என்று சொல்லிவிட்டு ஏணியில் இறங்கினார். அடியில் நின்று நண்பர்களே என்று ஆரம்பித்தார். அப்புறம் களைத்துப்போன மாதிரி உட்கார்ந்தார். அப்புறம் சாய்ந்தார். எங்கள் வழக்கப்படி ‘கட்’ என்று அவர்தான் சொல்ல வேண்டும். நான் காத்திருந்தேன். சொல்லவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத்தான் ஜெகனைக் கூப்பிட்டேன்.

ஓடி வந்தவன் நேரே ஏணியில் கால் வைத்தான். “வுடு யக்கா, அண்ணாத்தே உள்ள கீறாரு” என்று திமிறினான். நான் அவன் கையை விடவில்லை. “எறங்காத ஜெகன். வெளக்கு நிக்காது அங்க” என்றேன். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். பார்வதம் சோறு போட்ட வீடு. அவனைச் சாகவிட நான் என்ன கொலைகாரியா?

ஜெகனிடம் நான் சொன்ன அந்த வார்த்தையைத்தான் நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். விளக்கு நிற்காது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று.

ஆடியில் முதல் மழை பெய்ததும் மாடிக் குழாய்க்கு வடிகட்டுத் துணி கட்டுவேன். இந்த வருஷம் கட்டவில்லை. மறந்துவிட்டேன் என்று நேற்று சொன்னேன், அது பொய். இலை தானாக வந்து விழுந்தது போதவில்லை. தொழுவத்துச் சாணியையும் அழுகிய வைக்கோலையும் கூடை கூடையாக நான்தான் கொட்டினேன், அவர் தூங்குகிற மத்தியானங்களில். கொட்டிவிட்டு மூடியைச் சுற்றி ஈரக் களிமண் பூசினேன். குடிக்கவும் சமைக்கவும் ஜெகன் வீட்டிலிருந்து கேன் தண்ணீர் கொண்டு வந்தேன். அவர் அதைக் குடித்துவிட்டு, மழைத்தண்ணீரின் ருசியே தனி என்று ஒரு வீடியோவும் போட்டார். வேண்டுமானால் பாருங்கள், இன்னும் இருக்கிறது.

முதல் நாள் மூடியைத் திறந்து போடவில்லை. அன்று விடிந்ததும் களிமண்ணைச் சுரண்டி, ஒரு ஓரமாகத் தள்ளி, அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்த்தேன். அது என் பழக்கம், பார்க்காமல் யாரையும் உள்ளே அனுப்ப மாட்டேன். பாதி வழிகூடப் போகவில்லை, அணைந்துவிட்டது. மூடியைப் பழையபடி போட்டுவிட்டு அவருக்குக் காபி கலக்கப் போனேன்.

மைதிலிக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். பேரனை யாரிடம் விடுவாள் என்பதுதான் எனக்குக் கவலை. குமணன்சாவடிக்கு இனிமேல் நான் போகப்போவதில்லை, அதுகூடத் தெரியாதவள் இல்லை நான். ஆனால் அவன் கரண்டு இருக்கிற வீட்டில் வளர்வான். அதற்காகத்தான் செய்தேன், எனக்காக எதுவும் இல்லை.

அந்த வீடியோவை நீங்கள் முழுதாகப் பார்த்திருப்பீர்கள். கம்பம் எங்கேயும் விழவில்லை. நடுவில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் சாய்கிற இடத்தில்கூடக் கை துளி ஆடவில்லை, கவனித்தீர்களா? அவர் இருந்திருந்தால் பாராட்டியிருப்பார்.