கருகல் பூஜ்யம்

என் மாமனாருக்கு டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்கவேண்டும், ஐயா. அந்த மூன்று நாளும் அதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவருடைய பிஸ்கட் கம்பெனியில் நான் தர மேம்பாட்டு மேலாளர். மாப்பிள்ளை என்பதால் கிடைத்த வேலை என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? புள்ளிவிவர முறையைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முறை எளிது. மணிக்கொரு தரம் ஒரு தட்டை எடுத்து, கருகிய பிஸ்கட்டுகளை எண்ணி, படத்தில் ஒரு புள்ளி வைக்கவேண்டும். புள்ளிகள் கொஞ்சம் ஏறி இறங்குவது இயல்பு. ஒன்று மட்டும் எல்லையாகப் போட்ட மேல்கோட்டைத் தாண்டிக் குதித்தால் அதற்கென்று ஒரு விசேஷக் காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடித்து அகற்றவேண்டும். பாடத்தில் ‘அகற்று’ என்றுதான் இருக்கிறது, ‘பேசிப் பார்’ என்று இல்லை.

எங்கள் புள்ளி தினமும் பதினோரு மணிக்குக் குதித்தது. மாவை மாற்றினேன், தட்டை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை.

“மாப்ள, மாசக் கடைசிக்குள்ள கருகல் குறையலன்னா, இந்தப் புள்ளி வைக்கிற வேலைய மூடிட்டு அட்டைப்பெட்டி ஒட்டுற பிரிவுக்கே போயிடுங்க” என்றார் மாமனார். அங்கே மேலதிகாரி என் மச்சான்.

மறுநாள் அடுப்புப் பக்கத்திலேயே காத்திருந்தேன். பதினோரு மணிக்கு மாமனார் தன் ஆபீஸ் அறையிலிருந்து அங்கே வந்தார். ஒரு பிஸ்கட்டைக் கடித்து, “வெளுப்பா இருக்கே” என்று சூட்டுக் குமிழை ஒரு திருகு திருகிவிட்டுப் போனார்.

நான் பதறவில்லை. பயிற்சியில் சொன்னபடி ஐந்து தரம் ஏன் என்று கேட்டேன். ஏன் கருகியது? சூடு கூடியது. ஏன் கூடியது? குமிழ் திரும்பியது. ஏன் திரும்பியது? மாமனார் வந்தார். ஏன் வந்தார்? யாரும் தடுக்கவில்லை. ஐந்தாவது ஏனுக்கு, அவர் உயிரோடு இருக்கிறார் என்பதுதான் பதிலாக வந்தது. நான் கொடூரன் இல்லை, ஐயா. நாலாவதோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை அவர் வாசலில் இறங்கியதுமே, “புது பிஸ்கட் வந்திருக்கு, பாருங்க மாமா” என்று மாதிரி அறைக்குள் அழைத்துப்போய் வெளியிலிருந்து பூட்டினேன். அவருடைய போன் காரிலேயே கிடந்தது. மின்விசிறி, சோபா, கழிப்பறை எல்லாம் அங்கே உண்டு. டீயை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். கத்தத்தான் செய்தார், ஆனால் மாவு பிசையும் இயந்திரத்தின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

வீட்டில் மனைவி, “அப்பா போனையே எடுக்கலங்க” என்று அழுதாள். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் சோதனைக்கு நடுவில் நிலைமையை மாற்றக்கூடாது.

பதினோரு மணிக்குக் கருகல் பூஜ்யம். பன்னிரண்டுக்கும் பூஜ்யம். அடுத்த நாளும் அப்படியே. கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. எனக்குக் கண் கலங்கியது. மூன்றாம் நாள் அடுப்புக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

அவர் தலையைச் சொறிந்தார். “சார், அடுப்பே பத்த வைக்கலையே. தினம் காலைல அவர் வந்து திறந்துவிடுற கேஸ் சாவி பெரியவர் இடுப்புலல்ல இருக்கு? மூணு நாளா பச்சை மாவைத்தான் தட்டுல ஓட்டிக்கிட்டிருக்கோம்.”

ஸ்டேஷனில் நீங்களும், அடுப்பு எரியாதது தெரியவில்லையா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பூட்டியது நான்தான், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பிஸ்கட் வெந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள், ஐயா. அது உற்பத்தித் துறையின் வேலை. என்னுடையது தரம்.