கறுத்த படலமும் ஒரு விரல் தடமும்

என் பெயர் எலிசேயோ பார்ரியென்டோஸ், வயது 51. அர்ஜென்டினாவின் பாஹியா பிளாங்கா நகரில் துறைமுகச் சாலையில் குடியிருக்கிறேன். வாயு ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. யாரும் அழைக்காமல் நானே காவல் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

எங்கள் கூடத்தில் வெள்ளி அயனி கலந்த பாலிமர் படலம் தயாரிக்கிறோம். பிளாஸ்டிக் செய்ய உதவும் புரொப்பிலீனும் புரொப்பேனும் கலந்த வாயுவை அதில் செலுத்தினால், வெள்ளி புரொப்பிலீனை மட்டும் கைப்பிடித்து மறுபக்கம் சேர்க்கும். வெளிச்சம் பட்டால் வெள்ளி கறுத்து அந்தச் சக்தி போய்விடும். ஆகவே கறுப்புத் தாளில் சுற்றி வைத்து, சிவப்பு விளக்கில் மட்டுமே தாளைப் பிரிப்போம்.

முனைவர் நெலிதா உர்ரூதியா இரண்டு வருடத்துக்கு முன் நார்வேக்கு வேலைக்குப் போனார். அவர் வார்த்ததில் ஒரு படலம்தான் மிச்சம். அந்தப் பக்குவம் வேறு யாருக்கும் கைவரவில்லை. அதை வார்த்த அன்று ஓரத்தில் வெறும் விரலால் தொட்டுவிட்டார்.

"என்ன டாக்டர், கையுறை கையுறைன்னு எங்களைத்தானே திட்டுவீங்க?" என்றேன்.

"சும்மா இருங்க எலிசேயோ. நான் போனப்புறம் யார் செஞ்சதுன்னு கேட்டா இதைக் காட்டுங்க" என்று சிரித்தார்.

நான்கு வருடம் ஒரே குடுவையில் மாத்தே தேநீர் குடித்தோம். மனதில் இருந்ததை நான் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அதன் பிறகு, படலத்தை வாங்க நினைத்த பிளாஸ்டிக் ஆலைக்காரர்கள் முன் கடந்த வியாழக்கிழமை சோதனை நடத்துவது என்று முடிவானது. படலம் தேறினால் நெலிதாவுக்கு இங்கேயே பதவி. "தேறிடுச்சுன்னா அடுத்த மாசமே வந்துடுறேன், மாத்தேவுக்குத் தண்ணியைச் சுட வைங்க" என்று போனில் சொன்னார்.

அதன் பிறகு, புதன்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், அந்த விரல் தடத்தைப் பார்க்கும் ஆசையில் பெட்டியைத் திறந்தேன். சிவப்பு விளக்கில் தடம் தெரியவில்லை. ஒரு நிமிடம்தானே என்று ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். வெயிலில் தடம் மெல்லக் கறுத்து ரேகை ரேகையாக எழுந்து வந்தது. வியர்வை உப்பு வெள்ளியோடு சேர்ந்தால் அப்படித்தான் ஆகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மூட மனம் வரவில்லை. படலம் முழுவதும் காப்பி நிறமான பிறகே சுற்றி வைத்தேன்.

மறுநாள் சோதனையில் இரண்டு வாயுவும் ஒன்றாகவே கடந்தன. ஆலைக்காரர்கள் எழுந்து போனார்கள். அதன் பிறகு, படலத்தை வேண்டுமென்றே கெடுத்ததாக, கூடத்துச் சாவி வைத்திருந்த எங்கள் ஆராய்ச்சியாளர் ஃபப்ரீசியோவைக் கைது செய்தீர்கள். அவர் நிரபராதி. படலத்தில் நீங்கள் எடுத்த ரேகை அவருடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல. அதற்குரியவரைத் தேட வேண்டாம். அவர் இனி வர மாட்டார்.

வழக்கு முடிந்ததும் அந்தப் படலத்தை என்னிடம் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். வேறு யாருக்கும் அது உதவாது.

எழுதியதைப் படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் எதுவும் இல்லை.

(ஒப்பம்) எலிசேயோ பார்ரியென்டோஸ்