நடுவுல இருட்டு

இல்லம்மா, நீங்க குடுத்த இந்த அட்டையோட ஓட்டை வழியாப் பாத்தாலும் எழுத்து தெரியல. ஓட்டை சமாசாரம் எனக்குத் தெரியாததா டாக்டரம்மா? இருபத்தாறு வருஷமா காலேஜ் பிசிக்ஸ் லேப்ல அட்டெண்டர். லேசர் வெளிச்சத்தை மெல்லிசா ஒரு சந்துக்குள்ள விட்டுக் காட்டுறதுதான் பொழப்பு.

சந்தை இறுக்கினா வெளிச்சம் ஒடுங்கும்னுதானே நெனப்பீங்க? அதான் இல்ல. ஒரு அளவுக்கு மேல திருகாணியைத் திருகத் திருகச் சுவத்துல விரிஞ்சுகிட்டே போகும். நடுவுல பளிச்சுன்னு ஒரு பட்டை, ரெண்டு பக்கமும் இருட்டு, அப்புறம் மங்கலா வெளிச்சம், மறுபடி இருட்டு. அலையாம்மா அது. சந்தோட இந்த ஓரத்துலேர்ந்து வர்றதும் அந்த ஓரத்துலேர்ந்து வர்றதும் ஒண்ணை ஒண்ணு தூக்கிவிட்டா வெளிச்சம், காலை வாரிவிட்டா இருட்டு. எங்க வீட்டு அண்ணன் தம்பிங்க மாதிரின்னு வச்சுக்குங்களேன். சிரிங்க, சிரிங்க.

அதுகூடப் பரவால்ல. புதுசா ஒரு மிஷின் வந்துச்சு, வெளிச்சத்தைத் துணுக்குத் துணுக்கா அனுப்பும். ஒண்ணு போய் விழுந்தப்புறம்தான் அடுத்தது. திரையில இங்க ஒரு புள்ளி, அங்க ஒரு புள்ளி, தாறுமாறா. ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்தா அதே பட்டை! தனியா வந்ததுகிட்ட இங்க விழாதேன்னு யாரும்மா சொன்னது? புரொபசரைக் கேட்டேன். கணக்கு சரியா வருதுய்யா, அதுக்கு மேல எனக்கும் தெரியாதுன்னுட்டார்.

கண்ணு எப்படிக் கெட்டுச்சா? சந்து நேரா இருக்கான்னு பசங்க சுவத்தைப் பாத்துதான் திருப்புவாங்க. எனக்கு ஏது பொறுமை? லேசர் எரியும்போதே சந்துல கண்ணை வச்சு உள்ளயே பாத்துடுவேன். ஒரு செகண்டுதான். பரீட்சை நாள்ல முப்பது தடவை. உள்ள பாக்காதேன்னு போர்டு எழுதி மாட்டினதே நான்தான், போங்க.

இப்ப பசங்க பட்டை வந்துடுச்சு அண்ணேங்கிறாங்க. நடுவுலதானே பளிச்சுன்னு இருக்கணும்? எனக்கு அங்கதான் இருட்டா இருக்கு. எந்த மூஞ்சியைப் பாத்தாலும் அப்படித்தான். உங்க காது தெரியுது, மூஞ்சி தெரியல.

மருந்து கிடையாதுன்னு சொல்லப்போறீங்க. உங்க குரல்லயே தெரியுதும்மா. பயமா இருக்கு.

ஆங், இன்னொண்ணு. இடது கண்ணை மூடிக்கிட்டுப் படிக்கச் சொன்னீங்கள்ல, நீங்க எழுதிட்டிருந்தீங்க, நான் மூடவே இல்ல. அது போன வருஷமே போச்சு. அப்புறம்தான் சந்துல வலது கண்ணை வச்சுப் பாக்க ஆரம்பிச்சேன். கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா. வெளிய உக்காந்திருக்கால்ல என் வீட்டுக்காரி, ஒரு கண்ணு நல்லா இருக்குன்னு நம்பிக்கிட்டிருக்கா.