தகப்பன் போடாத கையெழுத்து

சிறுமியின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்பதால் என் பெயரும் விலாசமும் தனித்தாளில் எழுதி உறையில் வைக்கப்பட்டுள்ளன. என் வயது நாற்பத்தேழு. திருமணம் ஆகவில்லை. தொழில்: பதிவு அலுவலக வாசலில் படிவம் எழுதித் தருதல், மேசை எண் நான்கு. விசாரணை அதிகாரி கேட்க, நான் சொல்வதாவது:

மேற்படி தொழிலைப் பத்தொன்பது வருடமாகச் செய்து வருகிறேன். பிறப்பு, இறப்பு, பெயர் மாற்றம், எல்லாம் எழுதுவேன். எழுதப் படிக்கத் தெரியுமா என்று அதிகாரி கேட்டார். தெரியும். இந்தத் தாளில் அவர் தேதி போட மறந்ததையும் நான்தான் சொன்னேன்.

சிறுமி என் தம்பியின் மகள். சம்பவத்தின்போது வயது பதினாறு. அவளுக்கு ஆறு வயதானபோது அவளுடைய அம்மா காய்ச்சலில் இறந்துபோனாள். அதிலிருந்து அவளை வளர்த்தது நான். மூவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். தம்பி பஸ் டிப்போவில் டைம் கீப்பர். வண்டி இரண்டு நிமிடம் பிந்தினாலும் டிரைவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் கோடு போடுகிறவன். இது வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி சொல்கிறார். தேவை, எழுதுங்கள் ஐயா என்று சொன்னேன்.

மார்ச் மூன்றாம் தேதி காலை நான் அவளுக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தபோது, அவள் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, "அத்தை, எனக்கு ரெண்டு மாசமா வரல" என்றாள். யார் என்று கேட்டதற்குக் கூடப் படிக்கும் பையன் என்றாள். ஓங்கி ஒரு அறை விட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு அவள் முகத்தை நானே கழுவிவிட்டு, டிபன் பாக்ஸை மூடாமல் அப்படியே போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா அவளைத் தனியாக வைத்துப் பேசினார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார். எட்டு வாரம் என்றார். "எனக்கு வேண்டாம் டாக்டர், நான் படிக்கணும்" என்று அவள் என் எதிரிலேயே மறுபடி சொன்னாள். பன்னிரண்டு வாரத்துக்குள் என்றால் செய்யலாம், ஆனால் பதினெட்டு ஆகாதவள் என்பதால் பெற்றவர் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். வளர்த்தவள் நான்தான் என்றேன். "சட்டத்துல அத்தைக்குக் கட்டம் இல்லம்மா" என்றார். படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன். இல்லைதான்.

அதன் பிறகு அன்று சாயங்காலமே அந்தப் படிவத்தைத் தம்பியிடம் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவன் கத்தவில்லை. இரண்டு தடவை படித்துவிட்டு, "பார்க்கலாம்க்கா" என்று டிவிக்கு அடியில் வைத்தான். ஒன்பதாம் தேதி கேட்டேன், ஷிப்ட் மாறியிருக்கிறது என்றான். பதினைந்தாம் தேதி கேட்டேன். "என் கையால எழுதிக் குடுத்தா, என் பொண்ணு கெட்டுப்போனான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?" என்றான். இருபத்திரண்டாம் தேதி மறுபடியும் பார்க்கலாம் என்றான். முடியாது என்று சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். பார்க்கலாம் என்கிறவனை என்ன செய்வது? அந்தப் பெண் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டிவிக்கு அடியில் குனிந்து பார்ப்பாள். பார்த்துவிட்டுப் படிக்க உட்காருவாள்.

இருபத்தெட்டாம் தேதி, பதினோரு வாரம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தபோது, படிவத்தை எடுத்துக்கொண்டு, தம்பியின் அடையாள அட்டை நகலும் எடுத்துக்கொண்டு, அவளுடன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காத்திருக்கும் கூடத்தில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். தம்பியின் கையெழுத்தையும் நானே போட்டேன். கை நடுங்கியதா என்று அதிகாரி கேட்டார். இல்லை. சின்ன வயதில் அவனுடைய மார்க் அட்டையில் எங்கள் அப்பா கையெழுத்தை நான்தான் போட்டுக் கொடுப்பேன். "அக்கா, இந்த ஒரு தடவைக்கா" என்று காலைச் சுற்றிச் சுற்றி வருவான். அப்போது யாரும் புகார் கொடுக்கவில்லை.

அதன் பிறகு நடந்த தவறு என்னுடையது. எழுதும் ஒவ்வொரு படிவத்திலும் இடது கீழ் மூலையில் எழுதியவரின் மேசை எண்ணைப் போட வேண்டும் என்பது எங்கள் உரிமத்தில் உள்ள விதி. பத்தொன்பது வருடப் பழக்கம். அந்தப் படிவத்திலும் "எழுதியது: மேசை 4" என்று போட்டுச் சுழித்திருக்கிறேன். எப்போது போட்டேன் என்று எனக்கே தெரியாது. திருடப் போனவள் தன் வீட்டு விலாசத்தை எழுதி வைத்துவிட்டு வந்த மாதிரி. என் கையை வெட்டிப் போட்டால்கூட ஆத்திரம் தீராது.

கவுன்ட்டரில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டாள். "இது என்ன மேசை நாலு? அப்பாவே எழுதினார்னு சொன்னீங்க?" என்றாள். நான் திக்கினேன். அதன் பிறகு அவள் டிப்போவில் இருந்த தம்பிக்குப் போன் போட்டு, எங்களுக்கும் கேட்கும்படி வைத்தாள். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. இதை எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்கள்தானா என்று கேட்டாள். ஆமாம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. "நான் எதுலயும் கையெழுத்துப் போடலீங்க" என்றான். என் தம்பி பொய் சொல்லாதவன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்த எங்கள் பெண் எழுந்து, "வா அத்தை, போலாம்" என்று என் பையை எடுத்துக்கொண்டாள். படிவத்தை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள்; இந்தப் புகார் அங்கிருந்து வந்ததுதான்.

அதன் பிறகு வீட்டில் நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. ஏப்ரல் மூன்றாம் தேதி தம்பி புதுப் படிவம் வாங்கி, முத்து முத்தாகத் தன் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு, எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். கவுன்ட்டர் பெண் தேதியை எண்ணிப் பார்த்துத் தாளைத் திருப்பித் தள்ளினாள். மூன்று நாள் பிந்திவிட்டது என்றாள். "மூணு நாள்தானேம்மா?" என்று என் தம்பி கேட்டான். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாமே என்று அதிகாரி கேட்கிறார். போனோம். மனுவை எடுத்துக்கொண்டு ஜூன் மாதத்தில் ஒரு தேதி கொடுத்தார்கள். அப்போது இருபது வாரம் தாண்டிவிட்டிருந்தது. அதற்குள் பள்ளிக்கூடத்தில் அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். அந்தப் பையன் பரீட்சை எழுதிப் பாஸாகிவிட்டான். அவன் அப்பாவிடம் கையெழுத்துக் கேட்க எந்தப் படிவமும் இல்லை.

அக்டோபர் பதினான்காம் தேதி பெண் குழந்தை பிறந்தது. இருபத்தேழாம் தேதி பிறப்பைப் பதிய அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். நான் படிவத்தை நிரப்பி, தாயின் கையொப்பம் என்ற கட்டத்தைக் காட்டிப் பேனாவைக் கொடுத்தேன். அவள் போடாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"அத்தை, எனக்கு இன்னும் பதினெட்டு ஆகலையே. இதுக்கு அப்பா கையெழுத்து வேண்டாமா?"

"வேண்டாம்டி. இதுக்கு நீ மட்டும் போதும்" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். அதன் பிறகு குழந்தையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். நான் மூலையில் மேசை எண்ணைப் போட்டேன்.

மேலே உள்ளதை நானே படித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் என்னை மிரட்டவும் இல்லை, ஆசை காட்டவும் இல்லை. மார்ச் இருபத்தெட்டாம் தேதிப் படிவத்தில் என் தம்பியின் கையெழுத்தைப் போட்டது நான்தான். கீழே உள்ளது என் சொந்தக் கையெழுத்து.

(ஒப்பம்)
மேசை எண் நான்கு