பத்தொன்பதாவது கேள்வி

இல்லை, அக்னெஸ் அக்கா அதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவள் நான். இன்றைக்கு இந்த நினைவுக்கூட்டத்துக்கு வரும்போதும் வாசலில் வைத்து இரண்டு பேர் என்னிடம் விசாரித்தார்கள். அதனால்தான் பதிலில் இருந்து தொடங்குகிறேன். வணக்கத்தில் தொடங்கினால் புகழ்ச்சிக்குப் போவேன். புகழ்ச்சிக்குள் ஒளிந்துகொள்வேன்.

இப்போது வணக்கம். மேடையில் இருக்கும் பங்குத்தந்தை அவர்களே, அக்காவுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்த சீன வைத்தியர் வென் அம்மையாரே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவர் அருமைநாதன் அண்ணை, மூக்கடைப்போடு வந்து சுகமாகத் திரும்பிப் போனவர்களே, இடையில் வராமல் விட்டவர்களே, எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் துஷாந்தினி. அக்காவின் வைத்திய அறையில் நான்கு ஆண்டுகள் முன்மேசையில் இருந்தவள்.

அக்குபங்சர் வைத்தியர் அக்னெஸ் அருமைநாதன்! பட்டத்தோடு சொல்ல விரும்புகிறேன். அது சும்மா வந்ததா? ஜான்-டலோன் சந்தையில் மாரிகாலத்தின் பனித்தண்ணீரில் லீக்ஸ் கழுவிய கைகள் அவை. பீனிசத்தால் எட்டு மாரி மூக்கடைத்து, படுக்க முடியாமல் கதிரையில் இருந்தபடி உறங்கியவர். வென் அம்மையாரின் ஐந்தாவது ஊசி வைத்தியத்துக்குப் பிறகு, வேலை செய்துகொண்டிருந்தபோது, மூக்கு திறந்து கொத்தமல்லி மணத்ததாம். நாற்பத்தொரு வயதில், பிரெஞ்சு மொழியில், மூன்று வருடப் படிப்பு. “கொத்தமல்லி மணத்ததுக்கு ஆராவது சோதினை எழுதுவினமோ?” என்று அருமைநாதன் அண்ணை கேட்டாராம். அக்கா எழுதினார்.

வைத்திய அறை பார்க் எக்ஸ்டென்ஷனில், டெப்பனர் என்கிற மூலைக்கடை ஒன்றுக்கு மேல்மாடி. இரண்டு கட்டில். மூலிகைக்கு ஒரு அலுமாரி. அதில் மக்னோலியா மொட்டுகள், பூனைக்குட்டியின் காதுபோல மயிரோடு.

தியாகராசா அண்ணை இங்கே இருக்கிறார். மூக்கடைப்போடு ஒருநாள் டாக்சியில் இருந்து நேரே அறைக்கு ஏறி வந்தவர்.

“சீனாக்காரன்ரை வைத்தியத்தை யாழ்ப்பாணத்து மனிசி செய்யிறதோ?”

“மூக்கு ஒண்டுதான் அண்ணை. சீன மூக்கு, யாழ்ப்பாண மூக்கு எண்டு ரெண்டு இல்லை. படுங்கோ.”

படுத்தார். முகத்தில் ஊசிகளோடு குறட்டை விட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சிரித்த சிரிப்பில் அவருடைய ஊசியும் சேர்ந்து ஆடியது.

ஆனால் அக்கா தன் எல்லை தெரிந்தவர். காய்ச்சலோடும் வீங்கிய கண்ணோடும் ஒரு பெண் வந்தபோது ஊசியைத் தொடவே இல்லை. “இது என்ரை வேலை இல்லை. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.” வீட்டுச் செருப்போடு பனிக்குள் இறங்கி, அவரை வாகனத்தில் ஏற்றிவிட்டுத்தான் மேலே வந்தார். இவ்வளவு கவனமான ஒருவரையா கவனமில்லாதவர் என்றோம்?

என்றார்கள் அல்ல. என்றோம். பேசாமல் இருந்ததும் பேச்சுத்தான்.

அறைக்கு வருகிறவர்களுக்கான படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள். பிரெஞ்சில் இருக்கும். தமிழில் கேட்டுக் குறிப்பது என் வேலை. பத்தொன்பதாவது கேள்வி: கர்ப்பமாக இருக்கிறீர்களா? பீனிசத்துக்கு மூக்கின் இரண்டு பக்கமும் ஊசி வைப்பார்கள். கையில், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலும் வைப்பார்கள். கருவுக்கு ஆகாது என்று கர்ப்பிணிக்கு அந்தக் கையூசியை வைப்பதில்லை.

நம்மவரிடம் அதை எப்படிக் கேட்பது? கலியாணமாகாத பிள்ளையிடமா? மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா? நான் முகத்தைப் பார்ப்பேன். “இல்லை” என்று குறிப்பேன். அக்கா ஒருமுறை கண்டுபிடித்தார்.

“எல்லாரிட்டையும் கேள், பிள்ளை. முகத்தைப் பாத்து எழுதாதை.”

“ஓம் அக்கா.”

சொன்னது மட்டும்தான்.

இரண்டாயிரத்து ஐந்து, தை மாதம். குணேஸ்வரி அக்கா வந்தார். கண்ணுக்குப் பின்னால் யாரோ அமத்துகிற மாதிரி வலி என்றார். மணமாகிப் பதினொரு வருடம். பிள்ளை இல்லை. அது எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். பதினெட்டுக் கேள்விகளைக் கேட்டேன். பேனை நின்றது. கேட்டால் மனம் நோகுமே. “இல்லை” என்று குறித்தேன். அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அக்கா கையூசியும் வைத்தார். குணேஸ்வரி அக்கா அப்போது கர்ப்பத்தின் ஆறாவது கிழமையில் இருந்தார். நான்கு நாட்களில் கரு கலைந்துவிட்டது.

ஊசியால்தான் என்று சொல்ல முடியாது, அந்தக் கிழமைகளில் ஊசியே காணாத எத்தனையோ கருக்கள் கலைகின்றன என்றார் வென் அம்மையார். பிறகு ஏன் கேட்கிறோம் என்றேன். “யாரும் பிறகு யோசித்துக்கொண்டே வாழக் கூடாது என்பதற்காகவும்தான்” என்றார்.

செய்தி வந்த அன்று அக்கா படிவத்தை எடுத்துப் பார்த்தார். என் கையெழுத்து. அழுதேன். படிவத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார்.

“ஊசி பிடிச்சது என்ரை கை. கை வைக்கிறவள் தானும் ஒருக்கால் கேட்டிருக்கவேணும். நீ ஒண்டும் கதையாதை.”

நான் கதைக்கவில்லை. எவ்வளவு வசதியான கீழ்ப்படிவு! அக்கா, குணேஸ்வரி அக்கா இருக்கும் புரோசார்ட்டுக்குப் பேருந்தில் போய் அவர் வாசலில் நின்றார். கதவு திறக்கவில்லை. இரண்டாம் முறையும் போனார். கட்டில்கள் வெறுமையாகின. சந்தையில் ஒருவர் என்னிடம், “அவ குத்தினதாலதானாம், உண்மையே?” என்று கேட்டார். நான் தக்காளி தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தேன். “எனக்குத் தெரியாது” என்றேன். நல்ல தக்காளிகளாகப் பார்த்துத் தெரிந்தெடுத்தேன். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

இரண்டு வருடம். அக்கா ஒருநாளும் அந்த லாச்சியைக் காட்டிப் பேசவில்லை. சென்ற மாதம் இதயம் நின்றது. ஐம்பத்திரண்டு வயது. இனி அவரிடம் எதைச் சொல்வது? யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

நேற்று புரோசார்ட்டுக்குப் போனேன். குணேஸ்வரி அக்கா கதவைத் திறந்தார். எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன்.

“அண்டைக்கு எனக்கு ஒன்பது நாள் தள்ளிப்போயிருந்தது. அவருக்கும் சொல்லேல்லை. சொல்லிப் பிழைச்சுப்போனால் எண்டு பயம். ஆராவது கேட்டால் ‘ஓம்போல கிடக்கு’ எண்டு சொல்லவேணும்போல இருந்தது. நீ பேனையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தாய். கேக்கப்போறாய் எண்டு நினைச்சன்.”

கூட்டத்தில் பெயர் சொல்லாமல் பேசுகிறேன் என்றேன்.

“ஏன், திரும்பவும் எனக்குப் பாவம் பாக்கிறியோ? பேரைச் சொல்லு. அந்த மனிசி ரெண்டு தரம் வந்தது. நான் சன்னலுக்குள்ளாலை பாத்துக்கொண்டு நிண்டனான். அதையும் சொல்லு.”

சொல்லிவிட்டேன்.

போகும்போது கேட்டேன், பீனிசம் எப்படி என்று. “அப்பிடியேதான். இனி ஆரிட்டைப் போறது?” என்றார்.

அருமைநாதன் அண்ணை, உங்கள் மனைவி மேல் விழுந்த பழி என்னுடையது. தாமதமாகச் சொல்கிறேன். அவர் கேட்க முடியாத நாளில் சொல்கிறேன். இதைத் துணிச்சல் என்று யாரும் பாராட்ட வேண்டாம்.

அறை மூடப்படாது. வென் அம்மையார் செவ்வாய்க்கிழமைகளில் வந்து ஊசி வைக்கச் சம்மதித்திருக்கிறார். செப்டம்பரில் நான் அதே படிப்பில் சேர்கிறேன். பெரிய உறுதிமொழி எடுக்க எனக்குத் தகுதி இல்லை. ஒரு சிறிய உறுதிமொழி: எல்லோரிடமும் கேட்பேன். வாயால் கேட்பேன். நோகும் என்றாலும் கேட்பேன். அக்னெஸ் அக்கா, கேட்பேன்.

*

மேடையில் இருந்து இறங்கி, லாச்சியில் இருந்த படிவத்தை அருமைநாதன் அண்ணையிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு அறைச் சாவியைத் தந்தார். செவ்வாய் காலை திறந்தேன். முதலில் வந்தவர் குணேஸ்வரி அக்கா. கதவைச் சாத்தி, அவரை இருத்தி, ஒவ்வொன்றாகக் கேட்டேன். பத்தொன்பதாவதில் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். பதில் வரும்வரை காத்திருந்தேன்.